பாப்ரிகாக் குழம்புக்கு எந்த ஒயின்? புடாபெஸ்டில் ஐந்து சனிக்கிழமைகள்

அக்டோபர் கடைசியில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மாட்டிறைச்சி பொர்கொல்ட் வைத்தேன். வெங்காயமும் பாப்ரிகா மிளகாய்த்தூளும் மட்டுமே பிரதானமாக இருக்கும் ஹங்கேரியக் குழம்பு அது. குடிக்க வில்லாஞ் பகுதியின் கேபர்னே ஃப்ராங்க் ஒரு பாட்டில். கடையில் இருந்த சிவப்பு ஒயின்களிலேயே விலை கூடியவற்றில் ஒன்று. குழம்பு நன்றாக வந்திருந்தது. ஒயினைத் தனியாகக் குடித்துப் பார்த்தபோது அதுவும் அருமை. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்ததும் இரண்டும் கெட்டன. குழம்பில் இருந்த லேசான காரம் எரிச்சலாக மாறியது. ஒயின் கடுக்காயைக் கடித்தாற்போல ஈறுவரை இழுத்துப் பிடித்தது. விருந்தாளிகள் பாதிக் கோப்பையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்றிரவே முடிவு செய்தேன்: இதை முறையாகச் செய்து பார்த்துவிட வேண்டும். இந்த நாட்டின் சமையலும் ஒயினும் பல தலைமுறையாக ஒரே மேசையில் இருப்பவை. பொருந்தாமல் போனதற்குக் காரணம் நான் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்க வேண்டும்.

ஏற்பாடு எளியது. நவம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை ஐந்து சனிக்கிழமைகள், ஐந்து உணவுகள். ஒவ்வொரு முறையும் நான்கு சிவப்பு ஒயின்கள்: செக்சார்ட் பகுதியின் கடர்கா, ஷொப்ரோன் பகுதியின் கேக்ஃப்ராங்கோஷ், எகெர் நகரத்து பிகாவேர், வில்லாஞ் கேபர்னே ஃப்ராங்க். நான்கும் 'ஸாரஸ்', அதாவது இனிப்பில்லாதவை. லேபிளில் இந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். 'ஃபேலேதெஷ்' என்று இருந்தால் பாதி இனிப்பு, சாப்பாட்டோடு வேறு கதை. பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுவது மனைவியின் வேலை. எது எது என்று எனக்குச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரியும். ஒரே மாதிரிக் கோப்பைகள், சமையலறை வெப்பமானி ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று.

குறித்துக்கொள்ள எனக்கு ஒயின்காரர்களின் சொற்கள் தேவைப்படவில்லை. அறுசுவையில் இரண்டே போதும் என்று தோன்றியது: புளிப்பு, துவர்ப்பு. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின், வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் நாம் அறிந்த அதே துவர்ப்புதான். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது; வழுவழுப்புப் போய் வாய் வறள்கிறது. புளிப்பு இதற்கு நேர் எதிர், எச்சிலை ஊற வைக்கும். ஒவ்வொரு ஒயினுக்கும் இந்த இரண்டுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டேன். நான்கைத் தனியாகச் சுவைத்தபோது கடர்காவுக்குத் துவர்ப்பு 2, புளிப்பு 7. கேக்ஃப்ராங்கோஷுக்கு 4, 8. பிகாவேருக்கு 5, 6. வில்லாஞ் ஒயினுக்கு 8, 5. என் நாக்கின் கணக்கு இது, ஆய்வகத்துக் கணக்கு அல்ல. ஆனால் பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் இந்த எட்டு எண்களே விளக்கம் சொல்லின.

முதல் சனிக்கிழமை: பொர்கொல்ட்

தோற்ற இடத்திலிருந்தே தொடங்கினேன். மாட்டின் கால்சதை ஒரு கிலோ, வெங்காயம் அரைக் கிலோ. இறைச்சியின் எடையில் பாதி வெங்காயம் என்பதைக் குறைக்கவே கூடாது. மாவோ வேறு கெட்டிப்பொருளோ இல்லாமல் இந்தக் குழம்பு கெட்டிப்படுவது கரைந்துபோன வெங்காயத்தால்தான். பன்றிக்கொழுப்பு மூன்று மேசைக்கரண்டி. இங்கே இதை 'ஷீர்' என்கிறார்கள், மளிகைக் கடையில் வெண்ணெய்போலக் கட்டியாகக் கிடைக்கும். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து சிறு தீயில் இருபது நிமிடம், கண்ணாடிபோல ஆகும்வரை வதக்க வேண்டும். சிவக்க விடக்கூடாது.

அடுத்ததுதான் பாப்ரிகா. முதல் சட்டியை இங்கேதான் கெடுத்தேன். நம் வீட்டுப் பழக்கத்தில், வெங்காயம் வதங்கியதும் மூன்று கரண்டித் தூளை அப்படியே கொதிக்கும் கொழுப்பில் போட்டுக் கிளறினேன். பத்து வினாடிதான். செங்கல் நிறம் காபி நிறமானது, கசப்பு வாடை கிளம்பிவிட்டது. பாப்ரிகாவில் சர்க்கரைச் சத்து அதிகம், மிக எளிதில் கருகும். வாடை மாடிப்படி வழியே போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் நேனி (வயதான பெண்களை இங்கே இப்படித்தான் அழைப்பார்கள்) கதவைத் தட்டினார். சட்டியை எட்டிப் பார்த்தார்.

"தீயில வெச்சா போட்ட?"

"ஆமா நேனி."

"இறக்கி வெச்சுப் போடணும். போட்ட உடனே தண்ணி. அப்புறம்தான் அடுப்பு. இதைக் கொட்டிட்டு மறுபடி ஆரம்பி. கருகின பாப்ரிகாவை எதாலயும் சரி பண்ண முடியாது."

கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் பொறுத்து, குவித்து மூன்று மேசைக்கரண்டி பாப்ரிகா போட்டு நாலு சுற்றுக் கிளறி, உடனே அரைக் கோப்பைத் தண்ணீர். கொழுப்பு நெருப்புச் சிவப்பாக மாறியது. பாப்ரிகாவின் நிறமும் மணமும் கொழுப்பில்தான் கரைகின்றன. பிறகு இறைச்சி, அரைக் கரண்டி கேரவே விதை, நசுக்கிய பூண்டு மூன்று பல், ஒரு தக்காளி, ஒரு குடைமிளகாய், உப்பு. மூடி வைத்து மூன்று மணி நேரம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் அது குயாஷ், அதாவது சூப். பொர்கொல்ட் தன் சாற்றிலேயே வேக வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன் 150 மில்லி கேக்ஃப்ராங்கோஷ் ஊற்றினேன்.

பாப்ரிகாவிலும் தரம் உண்டு. நான் வாங்கியது 'எதெஷ்னெமெஷ்' என்ற இனிப்பு வகை, செகெட் ஊருடையது. செகெட், கலோச்சா இரண்டும் பாப்ரிகாவுக்குப் பேர்போனவை. செகெட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் சென்ட் ஜியோர்ஜி, வைட்டமின் சியைப் பெருமளவில் பிரித்தெடுக்க இந்தப் பழங்களைத்தான் பயன்படுத்தினார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இனிப்பு வகை என்றாலும் காரம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நாலு கரண்டிக் குழம்பு உள்ளே போன பிறகு தொண்டையில் ஒரு வெதுவெதுப்பு நிற்கும்.

நொகெட்லியோடு பரிமாறினேன். நானூறு கிராம் மாவு, இரண்டு முட்டை, தண்ணீர் விட்டுத் தளரப் பிசைந்து, துளைத் தட்டு வழியே கொதிக்கும் உப்புத் தண்ணீரில் தேய்த்து விடும் சின்ன மாவு உருண்டைகள். இடியாப்ப அச்சு வைத்திருப்பவர்கள் அதில் முயல வேண்டாம், மாவு இறங்காமல் அடைத்துக்கொள்கிறது.

மூன்றாம் எண் பாட்டில் கோப்பையில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது, இதுதான் என்று. இறைச்சிக் கொழுப்பை அந்தப் புளிப்பு வழித்துக்கொண்டு போனது. அடுத்த கவளத்தை வாய் தானாகக் கேட்டது. சாப்பாட்டுக்கு நடுவே ரசம் செய்கிற வேலையை அது செய்தது. பிரித்துப் பார்த்தால் கேக்ஃப்ராங்கோஷ். விலையில் வில்லாஞ் ஒயினின் மூன்றில் ஒரு பங்கு. பிகாவேர் இரண்டாவதாக வந்தது. வில்லாஞ் ஒயின் மறுபடியும் எரிந்தது.

ஏன் எரிகிறது என்பதற்கு மூன்று காரணம் சேர்ந்திருந்தது. ஒன்று, லேபிளில் 14.5 சதவீத ஆல்கஹால். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயிலை ஆல்கஹாலும் தொடுகிறது. காரத்தின் மேல் ஆல்கஹால் ஊற்றுவது எண்ணெய் வார்ப்பதுதான். இரண்டு, துவர்ப்பு வாயை வறளவைப்பதால் காரத்தைக் கழுவ எச்சில் இல்லை. மூன்றாவதை வெப்பமானி காட்டிக்கொடுத்தது: பாட்டில் 23 டிகிரி. அறையின் வெப்பநிலையில் சிவப்பு ஒயினைக் குடிக்கலாம் என்பது, சூடேற்றும் குழாய்கள் இல்லாத காலத்துக் குளிர்ந்த அறைகளுக்கான பேச்சு. கதகதப்பான புடாபெஸ்ட் வீட்டில் அது பொருந்தாது. அடுத்த வாரத்திலிருந்து எல்லா பாட்டில்களையும் பரிமாறுவதற்கு முன் குளிர்பெட்டியில் வைத்தேன். கடர்கா 14 டிகிரி, நடு இரண்டும் 16, வில்லாஞ் 17.

இரண்டாவது, மூன்றாவது

நவம்பர் 11 மார்டோன் நாள். அன்று பெருவாத்து சாப்பிடாதவன் ஆண்டு முழுதும் பசித்திருப்பான் என்று இங்கே சொலவடை. அந்த வருடத்துப் புது ஒயினைத் திறக்கும் நாளும் அதுவே. அந்த வாரச் சனிக்கிழமை பெருவாத்தின் தொடை இரண்டை உப்பும் பூண்டும் தடவி, மூடி, 160 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைத்தேன். கடைசி இருபது நிமிடம் திறந்து வைத்துத் தோலை முறுக்கினேன். கூட ஆப்பிளும் வினிகரும் சேர்த்து வதக்கிய சிவப்பு முட்டைக்கோஸ். இந்தச் சாப்பாட்டோடு பிகாவேர் ஜெயித்தது. கொழுப்பும் புரதமும் இருந்ததால் துவர்ப்பு பிடிக்க ஒரு பிடி கிடைத்தது, முட்டைக்கோஸின் புளிப்பினிப்புக்கு ஈடுகொடுக்கப் புளிப்பும் இருந்தது. ஐந்தாவதாக, அந்த வருடத்துப் புது போர்டுகீசர் ஒன்றையும் திறந்தோம். துவர்ப்பே இல்லாத பழச்சாறுபோல இறங்கியது. வாத்துக்கு அது மெலிவு, ஆனால் முட்டைக்கோஸை மட்டும் சாப்பிட்ட என் மனைவிக்கு அன்றைய பிடித்தம் அதுதான்.

மூன்றாவது, தெல்தெத் காபோஸ்தா. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் பன்றிக் கொத்துக்கறியும் அரிசியும் பொதிந்து, மேலே புளித்த பாலேடு. இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடக் கூடினால் ஒயின் செத்துவிடுகிறது. வில்லாஞ் தட்டையாகி கசந்தது, பிகாவேர் மங்கியது, கேக்ஃப்ராங்கோஷ் மட்டும் நின்றது. உண்மையில் இந்த உணவுக்கு வெள்ளை ஒயினே நல்லது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு எகெர் பயணம்

பிகாவேர் என்றால் காளை ரத்தம். 1552இல் ஒட்டோமான் படை எகெர் கோட்டையை முற்றுகையிட்டது. இஷ்த்வான் டோபோ தலைமையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், பெண்களும் சேர்த்து, கோட்டையைக் காத்தார்கள். தாடியில் சிவப்பு ஒயின் வழிய அவர்கள் சண்டையிட்டதைப் பார்த்து, காளை ரத்தம் குடித்த கூட்டம் என்று எதிரிகள் மிரண்டார்களாம். ஒயினுக்குப் பெயர் வந்த கதை இது. கோட்டையைக் காத்தது வரலாறு. ஒயின் பகுதி பின்னால் ஒட்டியது. பிகாவேர் என்ற பெயர் எழுத்தில் தென்படுவது 19ஆம் நூற்றாண்டில்தான். சிவப்பு ரகங்கள் இந்தப் பக்கம் பரவியதும் தெற்கே பால்கனிலிருந்து வந்தவர்களால்தான்.

கதை இல்லாமலேயே அந்த ஒயின் மதிப்புள்ளது. அது ஒரே ரகத்தில் செய்வதல்ல, பல ரகங்களின் கலவை, முதுகெலும்பு கேக்ஃப்ராங்கோஷ். எகெரும் செக்சார்டும் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சோஷலிச ஆட்சிக் காலத்தில் மலிவாக, பெருமளவில் செய்து ஏற்றுமதி செய்ததில் பெயர் கெட்டுப்போனது. இன்றைக்கும் வெளிநாட்டில் பலருக்கு அந்தத் தண்ணீர் ஒயின்தான் நினைவில் இருக்கிறது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் 'சுபீரியர்' என்று லேபிளில் போட்டு இப்போது வருபவை அக்கறையோடு செய்யப்படுபவை.

புடாபெஸ்டின் கேலெட்டி நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஊருக்கு வெளியே அழகி பள்ளத்தாக்கு என்ற இடத்தில், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையைக் குடைந்து வரிசையாகப் பாதாள அறைகள். கோடை, குளிர் என்று மாறாத ஈரக் குளிர்ச்சி. சுவரில் கறுப்புப் பூஞ்சை வெல்வெட்போலப் படர்ந்திருந்தது. வெப்பமானியைக் கொண்டுபோயிருந்தேன்: 12 டிகிரி. அங்கே பீப்பாயிலிருந்து நேராக ஊற்றிக் கொடுத்த பிகாவேரை, பன்றிக்கொழுப்பு தடவி வெங்காய வளையம் வைத்த ரொட்டியோடு குடித்தேன். இந்த ஐந்து வாரத்தில் மிக எளிய ஜோடி அதுதான், மிகச் சிறந்தவற்றில் ஒன்றும் அதுதான். ஊற்றியவரிடம் நான் மரியாதையாகக் கோப்பையை மோதத் தயங்கினேன். ஹங்கேரியில் மோதக்கூடாது என்று படித்திருந்தேன். அது பீருக்கு மட்டும் என்றார். 1849இல் ஹங்கேரியத் தளபதிகளைத் தூக்கிலிட்டபோது ஆஸ்திரியர்கள் பீர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடியதாக நம்பிக்கை. ஒயினுக்குத் தடையில்லை.

நான்காவது: மீன் சூப்பும் சிவப்பு ஒயினும்

மீனுக்கு வெள்ளை ஒயின் என்பதுதான் எங்கும் சொல்லப்படுவது. ஆனால் டான்யூப் கரையில் இருக்கும் பயா நகரத்தாருக்கும், பக்கத்துச் செக்சார்ட்காரர்களுக்கும் ஹலாஸ்லே என்ற மீன் சூப்போடு கடர்கா குடிப்பது சாதாரணம். இதைச் சோதிக்காமல் விட மனமில்லை.

பயா முறையில் கணக்கு நினைவில் வைக்க எளிது: ஒரு கிலோ மீனுக்கு ஒரு பெரிய வெங்காயம், ஒரு லிட்டர் தண்ணீர், குவித்து ஒரு மேசைக்கரண்டி பாப்ரிகா. ஃபோவாம் சதுக்கத்தில் 1897இல் திறந்த பெரிய சந்தையின் கீழ்த்தளத்தில் மீன்கடைகள் இருக்கின்றன. அங்கே இரண்டு கிலோ கெண்டை, தலையோடும் சினையோடும். இந்த மீனில் ஒய் எழுத்து வடிவ முள் நிறைய. அதனால் தோலிலிருந்து உள்ளாக அரை விரல் இடைவெளிகூட விடாமல் நெருக்கமாகக் கீறல் போட வேண்டும். முள் துண்டு துண்டாகிக் கொதியில் மென்மையாகிவிடும். உப்புத் தடவி இரண்டு மணி நேரம் வைத்தேன். பிறகு தலை, துண்டுகள், பொடியாக அரிந்த வெங்காயம், தண்ணீர் எல்லாம் ஒன்றாக, பெரிய தீ. கொதித்த பிறகு பாப்ரிகா. கொழுப்பில் வதக்குவதே இல்லை, அதனால் கருகும் பயமும் இல்லை. கரண்டி போட்டுக் கிளறினால் மீன் சிதறும். சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்றி அசைக்க வேண்டும். நாற்பது நிமிடம். செகெட் ஊரில் சின்ன மீன்களை வேகவைத்து வடிகட்டி அடிச்சாறு செய்வார்கள், பயாக்காரர்கள் தீக்குச்சி மாதிரி மெல்லிய சேமியாவைச் சூப்பில் போட்டு, மீனைத் தனித்தட்டில் வைப்பார்கள். இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே அறையில் வைத்து இதைப் பேசக்கூடாது.

வில்லாஞ் ஒயினை மீனோடு குடித்த அந்த ஒரு வாய் மறக்காது: துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல. இது துவர்ப்பின் குற்றம் என்று நினைத்திருந்தேன். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு: ஒயினில் இருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கவிச்சு வாடையை எழுப்புகிறது. இரும்பு எவ்வளவு என்பது ரகத்தை மட்டும் பொறுத்ததல்ல. மண்ணும் செய்முறையும் சேர்ந்தது.

கடர்கா 14 டிகிரியில் கோப்பைக்கு வந்தபோது மாதுளைச் சாற்றின் நிறம். கோப்பையின் மறுபக்கம் விரல் தெரிந்தது. மணத்தில் மிளகும் சிவப்புப் பழங்களும். சூப்போடு சேர்ந்தபோது பாப்ரிகாவின் இனிப்பு மேலே வந்தது, கவிச்சு துளியும் இல்லை, எரிச்சலும் இல்லை. என் மனைவி இரண்டாவது தட்டு வாங்கினாள். நான் எழுதியது ஒரே வார்த்தை: "பொருந்தியது." மறுநாள் மிச்ச சூப்போடு வேறொரு தயாரிப்பாளரின் கடர்காவைத் திறந்தேன், அதில் லேசாக ஆணி வாடை இருந்தது. ஆக ரகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. எனக்குப் பொருந்திய பாட்டிலின் லேபிளைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிட்டேன்.

இந்த ரகத்தின் மேல் எனக்குத் தனி ஒட்டுதல் வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஹங்கேரியின் சிவப்புத் திராட்சை என்றாலே கடர்காதான். தோல் மெல்லியது, தாமதமாகப் பழுக்கும், இலையுதிர்கால மழையில் அழுகிவிடும். அதிக விளைச்சலும் இயந்திர வேலையும் கேட்ட காலத்தில் அதைப் பிடுங்கிவிட்டு, பாடுபடுத்தாத ரகங்களை நட்டார்கள். செக்சார்டிலும் எகெரிலும் அதைத் திரும்ப வளர்ப்பவர்கள் ஒவ்வொரு குலையையும் கையால் பார்த்துப் பறிக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்கு அந்த ஒயின் விற்கும் விலை குறைவு என்றே சொல்வேன்.

ஐந்தாவது

வில்லாஞ் ஒயினுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. நாட்டின் தென்கோடி, வெயில் நிறைந்த சரிவுகள். அவ்வூர் ஒயினின் சின்னமாக இருக்கும் கிகெரிச் பூ ஹங்கேரியில் இயற்கையாகப் பூப்பது அங்கே இருக்கும் ஒரே ஒரு மலையில். அப்படிப்பட்ட இடத்துத் துவர்ப்புக்கு ஏற்ற உணவு இல்லாமல் போகாது.

மான் இறைச்சி ஒரு கிலோ, பாப்ரிகா ஒரே கரண்டி, காளான், 300 மில்லி கேக்ஃப்ராங்கோஷ், மூன்றரை மணி நேரம். பக்கத்திலேயே ஒரு சோதனை: மங்கலிட்சா என்ற சுருள்முடிப் பன்றியின் கழுத்துத் துண்டு, உப்பும் மிளகும் மட்டும் போட்டு இரும்புக் கல்லில் வாட்டியது. வில்லாஞ் ஒயினை ஒரு மணி நேரம் முன்பே வாயகன்ற குடுவையில் ஊற்றி ஆறவிட்டு, 17 டிகிரியில் பரிமாறினேன். மங்கலிட்சாவின் கொழுப்பு அந்தத் துவர்ப்பைப் பட்டுபோல ஆக்கிவிட்டது. அக்டோபரில் வாயை இழுத்துப் பிடித்த ஒயின்தானா இது என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மானோடும் நன்றாகவே இருந்தது, ஆனால் பன்றியோடு இருந்ததுதான் உச்சம். கடர்கா அன்று இரண்டின் முன்னும் நிற்க முடியாமல் தண்ணீராகிப் போனது.

கீழ்வீட்டு நேனிக்கு மான் குழம்பில் ஒரு கிண்ணம் கொடுத்தேன். பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "பாப்ரிகா கருகல. நல்லா இருந்துச்சு," என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு இங்கே வீடுதோறும் ஹலாஸ்லே வைப்பார்கள். இந்த வருடம் அவர் மீன் கொண்டு வருகிறார், நான் சட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். லேபிள் ஒட்டி வைத்த அதே கடர்கா இரண்டு பாட்டில் வாங்கி மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் படுக்கவைத்திருக்கிறேன். வெப்பமானி அங்கே 13 காட்டுகிறது.